சிரித்தால் எட்டிப் பார்க்கும் வீக்கம்

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் முத்துராமலிங்கத்தின் பட்டாசுக் கடையைக் கண்டுபிடிக்க போர்டு பார்க்க வேண்டியதில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டால் போதும். ஐம்பது தாண்டிய மனுஷர், பெட்டியைத் தூக்கும்போதும் சிரிப்பார், பேரம் பேசும்போதும் சிரிப்பார். இப்படிச் சிரிக்கிறவரிடம் விலையைக் குறைத்துக் கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் வாங்கிப் போவார்கள்.

அவர்தான் ஆவணி மாசம் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார்.

காரணம் அவருக்கு மட்டும் தெரியும். குளிக்கும்போது வலது அடிவயிற்றோரம், தொடையிடுக்குக்குச் சற்று மேலே, நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம் கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. படுத்தால் காணாமல் போய்விடும். இருமினால், கனம் தூக்கினால், எல்லாவற்றையும்விட வாய்விட்டுச் சிரித்தால், 'கூப்பிட்டீகளா?' என்பதுபோல வெளியே எட்டிப் பார்க்கும்.

இடம் அப்படிப்பட்ட இடம். யாரிடம் காட்டுவது? லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் சிநேகிதர் ஜெயச்சந்திரனிடம், யாரோ ஒரு பார்ட்டிக்கு இப்படி இருக்கிறதாம் என்று மெல்ல எடுத்துவிட்டார்.

"நெறி கட்டியிருக்கும்லே. கால்ல புண்ணு இருக்கான்னு பாக்கச் சொல்லு," என்றார் ஜெயச்சந்திரன்.

முத்துராமலிங்கம் சட்டென்று குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"அவருக்குப் புண்ணுன்னா நீ எதுக்குலே ஒன் கால்ல தேடுற?"

முத்துராமலிங்கம் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஆமத்தூரில் ஒரு கல்யாணம். அவருடைய மச்சினன் மணிகண்டராஜ் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி நான்கு காலையும் விரிக்க, ஆள் பாயாசத்தோடு தரையில் கிடந்தான். பந்தலே குலுங்கிச் சிரித்தது. முத்துராமலிங்கம் மட்டும் இடுப்போரம் கையை வைத்து அழுத்திக்கொண்டு, வேப்பெண்ணெய் குடித்தவர்போல நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கற்பகவல்லி கதவைச் சாத்தினாள்.

"எந்தம்பி விழுந்ததுக்கே நீங்க சிரிக்கலைன்னா என்னமோ இருக்கு. சொல்லுங்க, யாரு அவ?"

"அவளும் இல்ல, இவளும் இல்ல. கட்டி," என்று காட்டினார்.

"வலிக்குதா?"

"வலிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனே. வலிக்கல கற்பகம், அதான் பயமா இருக்கு. கேன்சர்னு சொல்லிட்டா என்ன செய்ய?"

அவர் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதில்லை. மறுநாள் விடிந்ததும் விருதுநகருக்கு பஸ் ஏற்றிவிட்டாள், தானும் ஏறினாள்.

டாக்டர் பிரீத்திக்கு அவர்கள் மகள் வயதுதான் இருக்கும். நிற்கவைத்து, "இருமுங்க" என்றாள். முத்துராமலிங்கம் மின்விசிறியைப் பார்த்தபடி இருமினார்.

"இந்த இடத்துல நெறி கட்டினாலும் வீங்கும், கொழுப்புக் கட்டியும் வரும். அபூர்வமா கெட்ட கட்டியும் வரலாம். வலி இல்லைன்னு சும்மா விடக் கூடாது. உங்களுக்கு வந்திருக்கது குடலிறக்கம். வயித்துச் சுவர் பலமில்லாத இடத்துல குடல் பிதுங்குது."

"தீபாவளி சீசன் முடியட்டுமேம்மா?"

"வெளிய வந்தது உள்ள போகாம மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து. அங்கன வலை வச்சுத் தைச்சிருவோம், பயப்படாதீங்க."

"வலையா? கண்மாய் மீனுக்குப் போடுவாகளே, அதா?"

கற்பகவல்லி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் அவர் பழைய ஆளாகத் திரும்புவது தெரிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கனம் தூக்கக் கூடாது. சிரிப்பு வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும் என்பது உத்தரவு. பார்க்க வந்த ஜெயச்சந்திரன், "அந்தப் பார்ட்டி இப்ப எப்படிலே இருக்காரு?" என்று கேட்டதில் தலையணை நசுங்கிப்போனது.

அந்த சீசனுக்குக் கடையில் கற்பகவல்லி உட்கார்ந்தாள். அவள் சிரிக்கவும் இல்லை, விலை குறைக்கவும் இல்லை. சரக்கு தீபாவளிக்கு முன்பே தீர்ந்தது. கார்த்திகையில் டாக்டர் அனுமதித்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கடைக்கு வந்தார். கல்லாவில் இருந்தவள் எழுந்திருக்கவில்லை.

"இங்கன எடமில்ல. அந்த ஸ்டூல்ல உக்காருங்க," என்றாள்.