கடகடா கட்டிய படகு

அந்தப் பேரைத் தையற்காரி முதன்முதலாகக் கேட்டது படகுப் பட்டறையில், கித்தான் தைக்கும் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது. தங்கைக்கு வரன் அமைந்திருக்கிறது, மாப்பிள்ளை லாரி ஷெட்டில் சரக்குக்குப் பெல்ட் போட்டுக் கட்டுகிறவர் என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் நின்ற லாரி டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"யாரு, நம்ம கடகடாவா? அவனுக்கா பொண்ணு குடுக்கறீங்க?"

"ஏன், குடிப்பாரா?"

"சேச்சே. டீ கூடத் தொடமாட்டான்."

"பின்ன எதுக்கு இந்தச் சிரிப்பு?"

"ஒண்ணுமில்லக்கா, பேரைச் சொன்னதும் வந்துடுச்சு."

குடிக்காதவன் என்றால் பாதி நல்லவன் என்று நினைக்கிற குடும்பத்தில் பிறந்தவள் அவள். மீதிப் பாதியை விசாரிக்காமல் விட்டுவிட்டாள்.

கல்யாணமாகி ஒரு மாதத்தில் விஷயம் புரிந்தது. சரக்கு கட்டும் அகலப் பெல்ட்டில் ஒரு பல்சக்கரப் பூட்டு உண்டு. கைப்பிடியை ஆட்ட ஆட்டக் கடகடவென்று பல் பல்லாக ஏறி இறுகும். மற்றவர்கள் ஐந்து பல்லோடு நிறுத்துவார்கள். இவன் "இன்னொரு பல்லு" என்பான், அப்புறமும் "இன்னொரு பல்லு" என்பான். அட்டைப் பெட்டி நசுங்கும், சோபாவின் கை முறியும். "நசுங்கினாலும் நகரலை பாருங்க" என்று பெருமை வேறு.

வீட்டிலும் அதே கூத்துதான். அவன் மூடிய குழாயைத் திறக்க, தங்கை சின்னவளுக்கு இரண்டு கை வேண்டும். பாட்டில் மூடிக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும். அது அவன் ரத்தத்தில் வந்தது. அவன் அப்பாவுக்கு அத்தை ஒருத்தி இருந்தாள். அவள் சடை போட்டுவிட்டால் பிள்ளைகளுக்குக் கண் இரண்டும் காதுப் பக்கம் போய்விடும். அவள் மகன், இவனுக்கு மாமா முறை, சைக்கிளுக்குக் காற்றடித்து அடித்தே மூன்று டியூபை வெடிக்க வைத்தவன். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அக்கா தங்கை இரண்டு பேரும் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

சின்னவளிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலைக்குப் போகும் முன்னால், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு டீச்சரம்மாவை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டாள். அந்த அம்மா போன பிறகு, மகன் கொட்டகையில் கிடந்த படகைக் காட்டி, "நீயே வச்சுக்கோம்மா" என்றுவிட்டான். இரண்டு பேர் உட்காரலாம். நீல வயிறு, ஒற்றைப் பாய். பத்துத் தடவை ஏரியில் கவிழ்ந்து, பதினோராவது தடவை ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஏரியில் வருஷத்துக்கொரு பந்தயம் நடக்கும். முதல் வருஷம் கடைசி, அடுத்த வருஷமும் கடைசி, மூன்றாம் வருஷம் நாலாவது. "ஆறு நாள் ஊரார் அழுக்கை நான் அலசுறேன், ஏழாம் நாள் காத்து என்னை அலசுதுக்கா" என்பாள். அவளுடையது என்று அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

அதை ஏரிக்கு இழுத்துப் போக ஒரு டிரெய்லர் கொண்டுவந்தான் கடகடா. எவனோ மோட்டார் படகுக்குச் செய்து தூக்கிப்போட்டது. பக்கத்துக்கு ஒன்றாகக் கார்ப்பெட் சுற்றிய இரண்டு பலகை. நடுவில் வெறும் வெற்றிடம். படகின் பின்பக்கம் ஒரு முழம் அந்தரத்தில் தொங்கியது.

தையற்காரி படித்தது கொஞ்சம்தான். ஆனால் பட்டறையில் இருபது வருஷம் படகுகளுக்கு உறை தைத்தவள், எது எதன்மேல் உட்கார வேண்டும் என்று தெரியும்.

"தம்பி, படகுக்கு அடியில முன்னேருந்து பின்வரைக்கும் ஒரு நடுத்தண்டு ஓடுது பாருங்க, அதுதான் முதுகெலும்பு. பாரம் முழுக்க அதுலதான் உக்காரணும். நடுவுல வரிசையா உருளை வேணும். பக்கப் பலகை சும்மா சாயாம தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும்."

"சாயாம இருக்கத்தான் பெல்ட் போட்டிருக்கேனேக்கா."

"பச்சப்புள்ளைய அடியில கை குடுத்துத் தூக்குவீங்களா, விலாவைப் புடிச்சு நெரிப்பீங்களா?"

"நீங்க துணி தைங்கக்கா. கட்டுறது என் தொழில்." கடகட. "இன்னொரு பல்லு ஏத்தினா மலை மாதிரி நிக்கும்."

அடியில் தாங்கல் இல்லாததால் படகு ஆடியது. ஆடியதால் அவன் இறுக்கினான். இறுக்க இறுக்க வயிறு பலகையில் அழுந்தியது. அசையவில்லை என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

அந்த வருஷம் சலவைக்கூடத்துப் படியில் வழுக்கி விழுந்து சின்னவளுக்கு மணிக்கட்டு உடைந்தது. நாலு மாதம் படகுப் பக்கம் போகவில்லை. "நான் பாத்துக்கறேன், நீ கையைப் பாரு" என்றான் கடகடா. மழைக்காலம் முழுக்கப் படகு வீட்டுக்குப் பின்னால் நின்றது. உறை நடுவில் தொய்ந்து கிழிந்தது. உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற அடியில் ஒரு சின்னத் தக்கை உண்டு, அதைப் பிடுங்கிவிட்டால் போதும். அவன் பிடுங்கவில்லை. குடம் குடமாகத் தேங்கிய தண்ணீரின் பாரமும் அந்த இரண்டு பலகைமேல் உட்கார்ந்தது.

கை சரியாகி, மறுநாள் பந்தயம் என்கிற சனிக்கிழமை காலை, கிழிந்த உறைக்கு ஒட்டுப் போடத் தையற்காரி போனாள். கொல்லைக் கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அறைந்தது. பலகையைச் சுற்றிய கார்ப்பெட் கறுத்து, கொழகொழவென்று, அழுகிய நாக்கு மாதிரித் தொங்கியது. விரலால் விலக்கினாள். நத்தைகள். அதற்குள்ளே எலிக் கூடு. அவள் தைத்துக் கொடுத்த உறையைக் கடித்துக் குதறிக் கட்டிய கூடு. மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

பலகை அழுந்திய இடத்தில் நீல வயிறு சோற்றுத் தட்டு அகலத்துக்கு உள்ளே குழிந்து கிடந்தது. சுற்றிலும் சிலந்தி வலையாய் விரிசல். கட்டைவிரலால் அழுத்தினாள். டொப் என்று உள்ளே போய், டொப் என்று வெளியே வந்தது. விரலில் நீலம் ஒட்டியது.

கடகடா பிஸ்கட் தின்றுகொண்டே வந்தான்.

"தம்பி, இது என்ன?"

"லேசா உள்ள போயிருக்குக்கா. போன மாசமே பாத்தேன். நேத்துதான் காருக்குப் பூசற பட்டியை அப்பி, பெயின்ட் அடிச்சேன். கலர் எப்படிப் பொருந்துது பாருங்க."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு அவ மனசை நோகடிக்கணும்? நீங்க பலகைக்குப் புதுசா ஒரு துணி சுத்தித் தைச்சுடுங்க. அடிவயித்தை யாரு குனிஞ்சு பாக்கப்போறா?"

"நாளைக்கு நடு ஏரியில இது பிளந்துச்சுன்னா?"

அவன் பிஸ்கட் தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். "ஓரமாவே ஓட்டச் சொல்றேன்க்கா."

எலிக் கூட்டைத் தொட்டபோதுகூட அவளுக்கு உடம்பு அப்படிக் கூசவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்திருக்கிறாள். பெண்டாட்டியை அந்தச் சோற்றில் உட்கார வைக்கிறவனை அன்றுதான் பார்த்தாள்.

பெல்ட்டைத் தளர்த்தப் பார்த்தாள். பூட்டு துருவேறி இறுகியிருந்தது. பையிலிருந்து கித்தான் வெட்டும் கத்தியை எடுத்து ஒரே இழுப்பு. பெல்ட் படீரென்று தெறித்தது. படகு முனகிக்கொண்டு ஒரு விரற்கடை மேலே எழும்பியது.

"ஐயோ, நல்ல பெல்ட்டுக்கா அது!"

"தூ" என்றாள் தையற்காரி. அதற்குப் பிறகு அவனைத் தம்பி என்று அவள் கூப்பிடவேயில்லை.

சத்தம் கேட்டுச் சின்னவள் ஈரக்கையோடு வந்தாள். அறுந்த பெல்ட்டுக்குக் கீழே குழி தெரிந்தது. குனிந்தாள், அழுத்தினாள். டொப்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"போன மாசம்... சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு..."

"நேத்து உக்காந்து பந்தயத்தைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தேனே. கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"ஜெயிப்பேன்னு கூடச் சொன்னேனே!"

சின்னவள் அழவில்லை. உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அக்கா, உங்க பட்டறை மேஸ்திரியைக் கூப்பிடு" என்றாள்.

மேஸ்திரி மத்தியானம் பட்டறை டிரெய்லரோடு வந்தார். அகலத் துணிப்பட்டை கொடுத்துப் படகைத் தூக்கி, நடுத்தண்டு உருளைகள்மேல் வரிசையாகப் படியும்படி இறக்கினார். பக்கப் பலகைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்துத் திருப்திப்பட்டார். பின்பக்கம் தொங்காமல் கடைசி உருளையில் உட்கார்ந்தது. பெல்ட்டை இரண்டே பல்லோடு நிறுத்தினார். கடகடா தள்ளி நின்று, "அவ்வளவு லூசாவா?" என்று கேட்டான். மேஸ்திரி வண்டியை எடுத்தார்.

பந்தயம் அந்த வருஷம் போனது போனதுதான். ஒரு பக்கத்துக் குழி நாலு நாள் வெயிலில் தானாகவே பாதி வெளியே வந்தது. மறுபக்கத்தை அறுத்தெடுத்துப் புது ஃபைபர் ஒட்ட வேண்டியதாயிற்று. படகு பட்டறையில் கிடந்த வரைக்கும் சின்னவளும் அக்கா வீட்டில் இருந்தாள். கடகடா இரண்டு தடவை வாசலுக்கு வந்தான். "ஒரு ஓட்டைப் படகுக்காகவா இப்படி?" என்று கேட்டான். "படகு ஓட்டைன்னு தெரிஞ்சுதானே என்னை ஏத்தி விடப் பாத்தீங்க" என்றாள் அவள். அதற்கும் அவன், "ஓரமாத்தானே ஓட்டச் சொல்றதா இருந்தேன்" என்றான். அவள் கதவைச் சாத்தினாள்.

மறு வருஷப் பந்தயத்தில் படகு ஆறாவதாக வந்தது. சின்னவள் அவனிடம் திரும்பிப் போகவில்லை. கடகடா இப்போது தன் சொந்த அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறான். வேலை அதே லாரி ஷெட்டில்தான்.