பச்சை விளக்கு எரிந்தது, தண்ணீர் வந்தது

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. ரவாங்கில் எங்கள் ஆபீஸ். திரையில் எல்லாமே பச்சை. அந்த நேரத்தில்தான் தேவகிக்கு அவள் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏன்டி, தண்ணி வாசப்படி ஏறிருச்சு. ஒங்க மெசேஜ் ஒன்னும் வரலையே?"

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். எழுத்து சோறு போடாது. நான் பிழைப்புக்குப் பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. தேவகி பக்கத்து மேசை. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அக்கா சரோஜா இன்னும் அங்கேதான் இருக்கிறார், வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார்.

கடல் ஏறும் நாளில் — ஆயர் பாசாங் என்போம் — ஆற்றுத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு தோட்டத்து வாய்க்காலுக்குள் புகும். வாய்க்கால் முனையில் ஓர் இரும்புக் கதவு. நேரத்தோடு இறக்கிவிட்டால் பயமில்லை. அதைப் பார்த்துக்கொள்பவர் மணி அண்ணன்.

ஆறு உயர்ந்தால் கருவி வைத்துக் கண்டுபிடித்து, மணி அண்ணனுக்கும் வீடுகளுக்கும் மெசேஜ் அனுப்புவது எங்கள் கம்பெனியின் வேலை. பழைய புரோகிராம் கால் மணிக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்கும். தேவகிக்கு அது போதவில்லை. ஸ்ட்ரீமிங் டேட்டாபேஸ் போடலாம் என்றாள். சாதாரண டேட்டாபேஸ் கேட்டால்தான் பதில் சொல்லும். இது, தகவல் வர வர பதிலைத் தயாராக வைத்திருக்கும்.

அதை ஒரு கிளஸ்டரில் ஏற்றினோம். பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து புரோகிராம்களைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஒன்று விழுந்தால் கிளஸ்டரே தூக்கி நிறுத்திவிடும். நாம் கை வைக்கவே வேண்டாம்... கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சில வாரம் பிசகில்லாமல் ஓடியது. புதன்கிழமை பழையதை நிறுத்தினோம்.

மறுநாள்தான் அந்த போன்.

தேவகி திரையைப் பார்த்தாள். ஆற்றின் உயரம் நார்மல்.

"அண்ணே, இது எந்த நேரத்துத் தண்ணி?"

தேதியைப் பார்த்தேன். போன வாரத்துத் தண்ணீர்!

"நீங்க மணி அண்ணனக் கூப்பிட்டுக் கதவ எறக்கச் சொல்லுங்க. நான் பழச எழுப்புறேன்." அதற்குள் அவள் விரல்கள் கீபோர்டில் ஓடின.

மணி அண்ணன் உடனே எடுத்தார். "மெசேஜ் வரலையே தம்பி... அதான் வீட்டுலயே இருந்துட்டேன். சரி, சரி, போறேன்." பேச்சோடு பேச்சாக மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

கதவு இறங்கியது. அதற்குள் சில வீடுகளில் கணுக்கால் அளவு தண்ணீர்.

என்ன நடந்தது? காலையில் டேட்டாபேஸுக்கு மெமரி போதாமல் போனது. கிளஸ்டர் அதை நிறுத்தி, மறுபடி கிளப்பியது. ஆனால் அதுவரை கணக்குப் போட்டு வைத்ததெல்லாம் தற்காலிக டிஸ்கில் இருந்தது. அது அழிந்தது. பாவம், டேட்டாபேஸ் முதல் தகவலிலிருந்து திரும்பப் படிக்க ஆரம்பித்துவிட்டது. போன் வந்தபோது போன வாரம் வரைதான் படித்திருந்தது. கிளஸ்டர் கேட்டது ஒரே கேள்வி: "உயிரோடு இருக்கிறாயா?" இருக்கிறேன் என்றது. பச்சை.

நாம் மட்டும் என்ன? வேலைக்கு வந்தாயா என்றுதான் கேட்கிறோம். மனசு எந்தக் கிழமையில் இருக்கிறது என்று யார் விசாரிக்கிறோம்?

சாயங்காலம் இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போனோம். சரோஜா அக்கா வீட்டுத் தரையில், கல்யாணத்துக்குத் தைக்க வந்த துணி மூட்டை ஊறிக் கிடந்தது. சிவப்புச் சாயம் மஞ்சளில் இறங்கியிருந்தது. தேவகி விளக்கம் சொல்ல வாயெடுத்தாள்.

"அந்தக் கதையெல்லாம் எனக்கு வேணாம்லா. பொண்ணோட அம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

"நீ சொல்ல வேணாங்கா. நான் போயி சொல்றேன்."

அப்போதே போனாள். அந்தம்மா வாசலில் நிற்க வைத்தே திட்டினார். தேவகி மெமரி, டிஸ்க் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்க தப்புதான்மா, புதுத் துணி எடுத்துத் தர்றோம்" என்றாள். காரில் ஏறிய பிறகுதான் அழுதாள்.

மறுநாள் மெமரியைக் கூட்டினாள். கணக்கெல்லாம் நிரந்தர டிஸ்குக்குப் போனது. கடைசியாக வந்த தகவல் பழசாக இருந்தால் திரை சிவக்க வேண்டும். 'தகவல் வரவில்லை, நேரில் பாருங்கள்' என்று மெசேஜும் போக வேண்டும். பழைய புரோகிராமையும் அவள் நிறுத்தவில்லை. இரண்டும் சேர்ந்தே ஓடட்டும் என்றாள்.

இந்த வாரம் மறுபடி ஆயர் பாசாங். மெசேஜ் நேரத்துக்குப் போனது. இருந்தாலும் தேவகி மணி அண்ணனைக் கூப்பிட்டாள்.

"மெசேஜ் வந்துச்சாண்ணே?"

"வந்துச்சு தங்கச்சி. கதவ எறக்கிட்டு நிக்கிறப்ப வந்துச்சு."

எங்கள் புரோகிராமுக்கு மணி அண்ணனைவிட நல்ல பேக்-அப் கிடையாது.