மோட்டார் என்று நினைத்து எடுத்த போன்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, இரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று கோயம்புத்தூர் ஆபீசில் சொல்லிவிட்டு மம்சாபுரம் வந்தேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது, வேலையும் போய்விட்டது. அதே ஆபீசில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவனைத்தான் காதலித்தேன். அவனும் ஜெர்மனிக்குப் போய்விட்டான். கல்யாணம் முடித்து நானும் அங்கே போவதாகப் பேச்சு.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பில்லை. செவ்வாயும் வெள்ளியும் அப்பாவைக் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பிசியோதெரபி. கிணற்று மோட்டார் புகைந்தால் அதைக் கழற்றிக்கொண்டு ராஜபாளையம் போய், எரிந்த கம்பிச்சுருளை மாற்றிக் கட்டித் தரும்வரை பட்டறை வாசலில் கிடக்க வேண்டும். அசதியாக வந்து படுத்தால் தென்னந்தோப்பில் காட்டுப்பன்றி புகுந்திருக்கும், விரட்ட ஓட வேண்டும். வாய்க்காலில் விழுந்து என் பெரிய போன் செத்த பிறகு பட்டன் போன்தான். அவன் முகத்தைப் பார்ப்பதும் அத்தோடு போச்சு.

தோப்புக் கிணறு எங்களுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் பொது. ஆளுக்கு ஒருநாள் முறை. மோட்டார் ஓட்டுகிற மும்முனைக் கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஸ்டார்ட்டரில் ஒரு சிம் போட்டிருக்கிறோம். கரண்டு வந்ததும் மோட்டாரே எனக்குப் போன் பண்ணும். எடுத்து ஒன்றாம் நம்பர் பட்டனை அழுத்தினால் தண்ணீர் ஓடும். அவனைவிட அதுதான் என்னை அதிகம் கூப்பிட்டது. இதைக் கோபத்தில்தான் சொல்கிறேன்.

போன பங்குனியில் அவன் கறாராகக் கேட்டான். "ஜூனுக்குள்ள வரியா, வரமாட்டியா? ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன். ஒரே வார்த்தை சொல்லு, போதும்."

ஒரே வார்த்தையாம்! நான் ஊருக்கு வரட்டுமா என்று இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருப்பானா துரை? இருந்தாலும் அந்தக் குரலுக்கு ஏங்கித்தான் கிடந்தேன். வருகிறேன், அப்பா எழுந்து நடக்கும்வரை மட்டும் பொறு என்று சொல்ல நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் முறை. காலை முழுக்கக் கரண்டு இல்லை. புதிதாக வைத்த தென்னங்கன்றுகள் வாடிக் கிடந்தன. சித்தி வேலியோரம் நின்று, "ஏட்டி, இன்னைக்கு விட்டா நாளைக்கு எங்க முறையாக்கும். பொறவு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சாய்ந்தேன். போன் அடித்தது. கண்ணைத் திறக்காமலே எடுத்தேன், ஒன்றை அழுத்தினேன், வைத்தேன். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோப்புக்கு நடந்தேன்.

வாய்க்காலில் ஒரு சொட்டு இல்லை. மோட்டார் சும்மா கிடந்தது. சந்தேகம் வந்து போனைப் பார்த்தால், அவன் நம்பர்! அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன் என்று பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"ஒரு பீப் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வச்சிட்ட" என்றான்.

"மோட்டார்னு நெனச்சு ஒன்னை அமுக்கிட்டேன்டா."

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"சரி, என்ன சொல்லலாம்னு இருந்த?"

"வாரேன். ஆனா அப்பா..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் காதில் இன்னொரு அழைப்பு டொக் டொக் என்றது. இந்தத் தடவை நிஜமாகவே மோட்டார்.

"செத்த நேரம் இரு. தண்ணிய மட்டும் எடுத்து விட்டுட்டு வாரேன்" என்றேன்.

ஒன்றை அழுத்தினேன். குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தது. திரும்ப அவனிடம் வந்தபோது லைனில் அவன் இல்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மடையை மாற்றிவிட்டபடியே அழுதேன். நின்று அழ முடியாது, கரண்டு போய்விடும்.

அப்புறம் அவன் கூப்பிடவே இல்லை. கன்றுகள் வேர் பிடித்துவிட்டன. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இப்போதெல்லாம் போன் அடித்தால் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். மோட்டார்தான்.