ஏழாவது ஆளுக்காக நிற்கிற ஆட்டோ

கூட்டு ரோட்டில் ஆறு பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஏழாவது ஆளுக்காக நான் கூவிக்கொண்டிருந்தபோது திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து தயாளன் மனைவி மஞ்சுளா போன் செய்தாள். "அண்ணா, அவரு பூட்டாரு" என்றாள். வண்டியை எடுத்துவிட்டேன். பின்னால் இருந்த கீரைக்காரம்மா, "இன்னாய்யா தனபாலு, ஆறு பேரோடயே கெளம்பிட்ட? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் ஏழு நிறையாமல் நான் வண்டி எடுத்தது அன்றைக்குத்தான்.

தயாளனைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற எல்லையில், குடிபாலா பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். படித்தது நாலாவது, அதுவும் தெலுங்கில். தமிழ் எழுத்து பஸ் போர்டும் சினிமா போஸ்டரும் சொல்லிக் கொடுத்தது. மஞ்சுளா பிழை திருத்தித் தருகிறேன் என்றாள். கிண்டலை மட்டும் திருத்தாதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் எனக்கு மாப்பிள்ளை முறை. கிண்டல் இல்லாமல் அவனைப் பற்றி எழுதினால் அவனே நம்ப மாட்டான்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு அவன் கூட்டு ரோட்டில் வந்து இறங்கிய நாளில் என் வண்டி நிறைந்திருந்தது. முதுகில் பை, கையில் கம்ப்யூட்டர் பெட்டி. "மாமா, கொஞ்சம் நவுந்து குந்து, நானும் வரேன்" என்றான். முறைக்காரன் கிடைத்தால் விடுவேனா? "பெங்களூரு சோறு துன்னு தொப்ப போட்டுக்கினு வந்துக்கிறே. நாலு மைலு நடந்து வா மாப்ள, எளைப்பே" என்று பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வெயிலில் நடந்தே வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். சிரித்துக்கொண்டு வந்து நின்றான். "மாமா, வழியெல்லாம் ஒரே கேள்விதான். யார் வூட்டுப் புள்ள, யார் வூட்டுப் புள்ளன்னு. ஒருத்தருக்கும் எம்பேரு வேணாம். நீ ஏத்திக்கினு வந்திருந்தா இது எனக்குக் கெடச்சிருக்காது" என்றான். என்ன கிடைத்தது என்று எனக்கு விளங்கவில்லை. வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பெங்களூரில் அவன் செய்தது விளையாட்டு வேலைதான். கம்ப்யூட்டரில் நாமே ஒரு வேஷம் கட்டிக்கொண்டு கதைக்குள் நடந்து போகிற விளையாட்டு. வெளிநாட்டுக்காரர்கள் கேட்டபடி காடும் மலையும் வரைந்து அனுப்புவான். "பதினாலு வருசம் பனிமல வரைஞ்சேன் மாமா. ஒரு நாளும் எனக்குக் குளிரல" என்பான். இனிமேல் சொந்தமாக ஒன்று செய்யப்போவதாகச் சொன்னான். மற்ற விளையாட்டுகளில் முதலில் நீ வீரனா, மந்திரவாதியா என்று கேட்குமாம். இவனுடையதில் ரோட்டு மதகு கல்வெர்ட் மேல் குந்தியிருக்கிற கிழவர் ஒருவர், "யார் வூட்டுப் புள்ள?" என்று கேட்பார். நாம் சொல்கிற பதில்தான் நம் வேஷம். தமிழில் சொன்னால் ஒரு வீடு திறக்கும், தெலுங்கில் சொன்னால் வேறொரு வீடு. பூட்டிக் கிடக்கிற வீடுகளும் உண்டு. படித்தவன் பெங்களூருக்கும் சென்னைக்கும், படிக்காதவன் கட்டட வேலைக்கும் போய்விட்ட ஊரில் பூட்டுக்கா பஞ்சம்?

அந்த விளையாட்டில் ஆட்டோக்காரன் நான்தான். என் மூஞ்சி, என் வண்டி, என் குரல். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் குரல் பதிவு செய்தான். வெறும் மைக்கைப் பார்த்தால் எனக்குக் கிண்டல் வராது. அதனால் எதிரே நின்று பதில் பேசிக்கொண்டே இருந்தான். பதிவில் பாதி அவன் சிரிப்புதான். வெட்டி எடுக்க ஒரு வாரம் ஆனதாம்.

திருப்பதியில் அவனோடு சேர்ந்து வேலை செய்த ஸ்வாதியின் வீட்டு மாடியில் ஒரு நாள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெங்களூரிலிருந்து அவன் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். விளையாட்டில் என் ஆட்டோவில் அவன் வரைந்த ஆட்கள் நாலு பேர் ஏறிக் குந்தினார்கள். அது அசையவில்லை. பத்து நிமிஷம் பொறுத்துவிட்டு பெங்களூர்க்காரர்கள், "தயா, கேம் ஹேங் ஆயிடுச்சு" என்றார்கள். எனக்கு வந்ததே சிரிப்பு! "ஹேங்கும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. இன்னும் மூணு பேரு வரணும்" என்றேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். தயாளன் மட்டும், "ஊருக்குப் போறதுன்னா காத்துக்கினு இருக்கறதும் சேத்துதான்" என்றான்.

உண்மையில் அன்று ஆறு பேர்தான் வரைந்திருந்தது. என் பக்கத்துப் பாதி சீட்டில் ஒட்டிக்கொண்டு வருகிற ஏழாவது ஆள் யார் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "உன்னியே வரைஞ்சிக்கோ, அந்த எடத்துல குந்துறவன் நீதான்" என்றேன். "என் மூஞ்சி எனக்கு வரல மாமா" என்றான். காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே பேச்சுதான். "வந்து வரையறேன். நம்ம ஊர்க்காரங்க ஒரு தபா ஆடிப் பாக்கணும், அது போதும்" என்றான். கண், நகம் எல்லாம் மஞ்சளாக இருந்தது. "மாப்ள கல்யாணக் களையில இருக்கான்" என்று மஞ்சுளாவிடம் சொன்னேன். அவன் சிரித்தான். அவனை நான் சிரிக்கவைத்தது அதுதான் கடைசி.

காரியம் முடிந்த பிறகு ஸ்வாதி வந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். கூட்டு ரோட்டில் என் வண்டி நிற்கிறது. ஆறு பேர் இருக்கிறார்கள். என் குரல் கூவுகிறது: "ஒருத்தர்! ஒரே ஒருத்தர்! வந்தா கெளம்பிடலாம்!" கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூவுகிறது. யாரும் வரவில்லை. வண்டி கிளம்பினால்தான் கதை ஊருக்குள் போகும். இல்லையென்றால் அவன் வேலை முழுக்கக் கூட்டு ரோட்டிலேயே நின்றுவிடும்.

"ஏழாவது ஆள நான் வரைஞ்சிடட்டா அண்ணா? இல்ல, ஆறு பேரோட வண்டிய எடுத்துடலாமா? நீங்க சொல்றதுதான்" என்றாள்.

வேறு ஆளை அங்கே உட்காரவைக்க மனசு வரவில்லை. என் நிஜ வண்டியில் அந்தப் பாதி சீட்டில் இப்போதும் ஆள் ஏற்றுகிறேன், வயிறு ஒன்று இருக்கிறதே. ஆனால் அவன் வரைந்த வண்டியில் அது காலியாகவே வரட்டும். அந்த இடம் ஒன்றைத்தான் அவனுடையதாக நான் வைத்திருக்கிறேன்.

"ஆறு பேரோட எடும்மா" என்றேன்.

கிளம்பும்போது ஆட்டோக்காரன் சொல்ல ஒரு வரி வேண்டுமென்றாள். அதே புளியமரத்தடிக்குப் போனோம். எதிரே நின்று பதில் பேச ஆள் இல்லை. மைக்கைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னேன்:

"சரி, போலாம். அவன் நடந்து வருவான்."