எண்ணை மாற்றினால் திறக்கும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு எண் உண்டு. மாலையில் எடை போடும் கொட்டகையில் கங்காணி பேர் சொல்ல மாட்டார், அந்த எண்ணைத்தான் தொண்டை கிழியக் கத்துவார். கொழுந்து எடுக்கும் என் அம்மா நூற்றுப் பதினான்கு. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் மனப்பாடம்.

புது மென்பொருள் வந்தபோது கோலாலம்பூர் கம்பெனிக்காரர்கள் அதற்கும் அதே எண்களைப் போட்டுவிட்டார்கள். சம்பளச் சீட்டு, லீவு, கிளினிக் குறிப்பு, எல்லாம் அவரவர் போனிலேயே. தோட்ட மேனேஜர் துரைக்கு ஒரே பெருமை. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நான்தான் என்பதால் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில்.

ஒரு மத்தியானம் என் கிளினிக் பக்கத்தைத் திறந்தபோது, மேலே இணைய முகவரியின் கடைசியில் என் எண் நிற்பதைப் பார்த்தேன். கை சும்மா இருக்கவில்லை. அதை அழித்துவிட்டு அம்மாவின் எண்ணைப் போட்டேன். நீ யார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் திறந்தது. மார்பில் கட்டி, ஈப்போ ஆஸ்பத்திரியில் சதைப் பரிசோதனை.

எனக்குத் தெரிந்த விஷயம்தான். "லயத்துல ஒருத்திக்கும் தெரியக்கூடாதுடி. ஐயோ பாவம்னு பாப்பாளுங்க, எனக்கு ஆகாது" என்று அம்மா என்னிடம் மட்டும் சொல்லி, சத்தியமும் வாங்கியிருந்தாள்.

துரையிடம் ஓடினேன். "பாஸ்வர்ட் போட்டுத்தானே உள்ள வர்றாங்க, அப்புறம் என்னம்மா?" என்றார். வாசலுக்குத்தான் பூட்டு, உள்ளே அறைகளுக்குக் கதவே இல்லை என்றேன். புரியவில்லை. அவர் எண்ணையே போட்டு அவருடைய சர்க்கரை அளவைப் படித்துக் காட்டினேன். உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்றார்களாம். அதுவரை மூடிவைக்கக் கூடாதா என்று கேட்டேன். மூடினால் சம்பளச் சீட்டும் வராதாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அதன்பிறகு இருப்புக்கொள்ளவில்லை. கோயில் வாசலிலோ ரிங்லெட் கடைத்தெருவிலோ யார் போனைக் குனிந்து பார்த்தாலும் அம்மாவைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றும். வேலைக்கு நடுவே அந்த எண்ணைப் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் திறந்தது. சோறு இறங்கவில்லை. "என்னடி, பேய் புடிச்சாப்ல திரியிற?" என்றாள் அம்மா. அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் காலையில் திறக்கவில்லை. 'அனுமதி இல்லை' என்று வந்தது. அப்பாடா என்று மேசையிலேயே தலையைச் சாய்த்துவிட்டேன்.

அன்று மாலை அம்மாவை அழைத்துவரக் கொட்டகைக்குப் போனேன். கங்காணி வழக்கம்போல் எண்களைக் கத்திக்கொண்டிருந்தார். நூற்றுப் பதிமூன்று முடிந்தது. குரலைத் தணித்து, "வாங்கக்கா" என்றார். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அம்மாவின் மூட்டையைத் தாங்களே தூக்கித் தராசில் வைத்தார்கள். "நீ தூக்காதக்கா" என்றாள் ஒருத்தி.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டியாடி?"

"நான் சொல்லலம்மா. கம்ப்யூட்டர்ல ஓட்டை லா. நம்பர மாத்துனா யாரு வேணாலும் பாக்கலாம்."

"எங்க, காட்டு."

போனை எடுத்து அவள் எண்ணைப் போட்டேன். காலையில் வந்த அதே 'அனுமதி இல்லை'தான் வந்தது. இன்னொரு முறை போட்டேன். அம்மா திரையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.