கிள்ளானில் வாங்கிய கையெழுத்து

குணபூசணி அக்கா என்னோடு ரயில்வே ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் எனக்குப் பக்கத்து வீடு. சம்பளம் வந்ததும் நாங்கள் புடவைக் கடைக்கு ஓடுவோம். அவர் தபால் நிலையத்துக்கு ஓடுவார். புதுத் தபால்தலை வெளியாகும் அன்றே முத்திரை குத்தித் தரும் முதல்நாள் உறையை வாங்கி, அதில் அரசியல்வாதிகளிடம் கையெழுத்து வாங்குவார். பைத்தியம் என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

அதிலும் ஒரு வீம்பு. தபாலில் அனுப்பினால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்கா அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். "யார் போட்டதெண்டு எனக்கு என்ன தெரியும்? கண்ணுக்கு முன்னால போடட்டும்" என்பார். இப்படியே பன்னிரண்டு வருஷத்தில் நாற்பது பேர்.

1982இல் கிள்ளானில் ஒருவர், அரசாங்கம் டத்தோ பட்டம் கொடுத்தவர். எம்.பி.யாக இருந்தார், பெயர் வேண்டாம். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார் அக்கா.

"வச்சிட்டுப் போங்கம்மா, நாளைக்கே போஸ்ட் பண்ணிடுறேன்" என்றார் செயலாளர். அக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை. மூன்று மணி நேரம்! பசியில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கடைசியில் டத்தோவே வந்தார். விஷயத்தைக் கேட்டார். செயலாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பேனாவை எடுத்ததும் அவர் வலது கை உதற ஆரம்பித்தது. இடது கையால் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக இழுத்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்து.

"ரெண்டு வருஷமா இப்படித்தான். தபால்ல வர்றதுக்கெல்லாம் செயலாளர்தான் என் கையெழுத்தப் போடுறாரு. கட்சியில தெரிஞ்சா அடுத்த தடவ சீட்டு கிடைக்காது லா. வெளியில சொல்லிடாதீங்கம்மா."

அக்கா எழுந்து நின்று இரண்டு கைகளாலும் உறையை வாங்கிக்கொண்டார். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லி எங்களை அனுப்பியிருக்கலாம் அந்த மனுஷன். முன்பின் தெரியாத ஒரு டைப்பிஸ்ட்டுக்காக இவ்வளவு பாடா!

மறுவருஷம் கோலாலம்பூரில் தபால்தலைக் கண்காட்சி. அக்காவின் நாற்பத்தோரு உறைகளுக்குத்தான் தங்கப் பதக்கம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நடுவர் வேலாயுதம் கிள்ளான் உறைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது டத்தோ கையெழுத்து இல்ல மேடம். என்கிட்ட தபால்ல வந்தது மூணு இருக்கு, அச்சடிச்ச மாதிரி அழகா இருக்கும். யாரோ உங்கள ஏமாத்திட்டாங்க. இல்லன்னா…"

அந்த 'இல்லன்னா'வுக்கு அர்த்தம் சுற்றி நின்ற எல்லோருக்கும் புரிந்தது. நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினார்.

"அவர் போட்டத நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டார் நடுவர்.

"இல்லை" என்றார் அக்கா. "தபாலிலதான் வந்தது."

"அப்ப மத்ததெல்லாம்?"

மொத்தத்தையும் எடுத்துவிடச் சொன்னார்கள். அவரே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் வைத்தார், கை நடுங்காமல். எனக்குத்தான் கண் கலங்கியது. பத்து வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறேன். இவர் எவ்வளவு பெரிய மனுஷி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.