கிருமியின் கட்டுச்சோறு

இரும்புச் சட்டியில் ஆட்டுக்கொழுப்பு உருகும் வாசனை எந்தத் தெருவில் வந்தாலும் நின்றுவிடுகிறேன். அடுத்த நொடி, நினைப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே போய், ஜீவனஹள்ளியில் தம்பி வீட்டுப் படியில் மூச்சிரைக்க நிற்கிறேன், கையில் போன், போனுக்குள் ஒரு படம்.

தம்பிக்குக் காசநோய். மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் முடிந்திருந்தது, இருமல் ஓடிப்போயிருந்தது. ஞாயிறுதோறும் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறி நிற்பான். கடைக்காரர் எடையைக் கூவுவார், நாலு வீட்டுக்குக் கேட்கும். எடை ஏறியிருந்தால் அவன் மனைவி கறி எடுப்பாள், கொழுப்பைக் கூடுதலாகக் கேட்டு வாங்கி. உடம்பு ஏறினால் நோய் இறங்கியது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

அன்று காலை போனில் சொல்லியிருந்தான்: “சாகுக்கா, போதும். சதை போட்டாச்சி. மாத்திரை பேஜாராயிடுச்சி, வயித்தப் பெரட்டுது, மூத்திரம் ஆரஞ்சு ஜூஸாட்டம் போவுது. பொம்மசந்திராவுல ஒரு கம்பெனில வேலைக்குக் கூப்ட்டாங்க. நாளையிலேர்ந்து மாத்திரைக்கு டாட்டா.”

முந்தின நாள் இதைச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போனை வைத்திருப்பேன். ஆனால் முந்தின நாள்தான் நான் அதைப் பார்த்திருந்தேன்.

ஆய்வுக்கூடங்கள் பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் நாட்களுக்குத் தமிழில் விளக்கப் பலகை எழுதித் தருவது எனக்கு அவ்வப்போது வரும் வேலை. அப்படிப் போன ஒரு கூடத்தில், விழுப்புரம் பக்கத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த பெண் ஒருத்தி, “எழுதறதுக்கு முன்னாடி பாத்துடுங்க மேடம்” என்று நுண்ணோக்கியின் திரை முன் உட்கார வைத்தாள். இருட்டு. இருட்டில் பச்சைக் கோல்கள். கோல்களுக்குள், வெளிச்சத்தில் பிடித்த பச்சைமிளகாயில் விதை தெரிவதுபோல, வரிசையாய்ச் சிவந்த துளிகள். போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டேன்.

“காசநோய்க் கிருமி. உள்ள இருக்கறது கொழுப்பு. சாயம் போட்டதால தெரியுது. கிருமியைத் தின்ன வர்ற நம்ம செல்லுக்குள்ளயே அது குடியேறி, அங்கேருந்து கொழுப்பை எடுத்துச் சேத்து வெச்சுக்குது. அப்புறம் வளர்றதைக் குறைச்சுகிட்டுத் தூங்கப் போயிடும். தூங்கறதை மருந்து சுலபமாத் தொடாது.”

கட்டுச்சோறு! எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்று, நாளைக்கு என்று நினைக்கிறது! மூளை இல்லை, வாய் இல்லை, வயிறு இல்லை, ஆனால் சோறு கட்டி வைத்திருக்கிறது, பஞ்சம் வரும் என்று தெரிந்ததுபோல. மல்லேஸ்வரத்தில் என் வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் எனக்குள் அந்தத் துளிகள் மினுங்கிக்கொண்டே வந்தன. காப்பி ஆறியது, தூக்கம் வரவில்லை. காலையில் தம்பியின் போன். ஓடினேன்.

அவன் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். படத்தை மூஞ்சிக்கு நேரே நீட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

“அதுக்கும் தொப்பையா?” என்று சிரித்தான்.

அவன் மனைவி சிரிக்கவில்லை. “அய்யய்யோ அண்ணி, அப்ப நான் ஆக்கிப் போட்டதெல்லாம் அதுக்கா போச்சு?” என்றவள், அவன் கை நல்லி எலும்புக்குப் போகுமுன் தட்டை உருவிவிட்டாள். “இனிமே கஞ்சிதான். பட்டினி கெடக்கட்டும் சனியன்!”

“யாரு, நானா அதுவா? ஏய், நல்லிய மட்டுமாவது குடுடி!”

நான் சொல்ல வந்தது ஒன்று, அங்கே நடந்தது ஒன்று. ஆய்வுக்கூடத்துப் பெண்ணுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கேட்டுவிட்டு அவள் பதறினாள்.

“மேடம், முதல்ல தட்டைக் குடுத்துடுங்க! அவர் பட்டினி கெடந்தா அவர்தான் இளைப்பாரு, கிருமி இளைக்காது. நோயை எதுக்கறதுக்கு அவருக்குச் சாப்பாடு வேணும்.”

தட்டு பாதி தூரம் திரும்பி வந்தது. தம்பி போனருகே குனிந்தான். சிரிப்பு போயிருந்தது.

“மேடம், அது பாட்டுக்குத் தூங்கட்டுமே. எனக்கு இன்னா?”

“நீங்க இப்ப நிறுத்தினா அது முழிச்சுக்கலாம் சார். திரும்ப வர்றப்ப இதே மாத்திரைக்கு அடங்காமக்கூடப் போகலாம். விழிச்சிருக்கறது சீக்கிரம் சாகும், தூங்கறது மெதுவாத்தான் சாகும். மாசக்கணக்கா மாத்திரை குடுக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கறோம். மீதிக் காரணங்களை இன்னும் தேடிகிட்டிருக்கோம். ஆரஞ்சு நிறம் மருந்தோடது, பயப்படாதீங்க. வயித்தைப் பெரட்டறதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.”

போன் அடங்கியது. தம்பி என் கையிலிருந்து அதை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினான். ஒரு துளி திரை முழுக்க நிறைந்தது. தன் நெஞ்சை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டான். அவன் மனைவி தட்டை முன்னால் வைத்தாள், நல்லி மேலே இருக்கும்படி.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தான். வழியில் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் வந்தது, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து அவன் குரல்:

“அக்கா, அந்தப் போட்டோவ எனக்கு அனுப்பு. தெனம் காலைல மாத்திரை போடறப்ப அது மூஞ்சியப் பாத்துகினே போடறேன்.”